சிறு விமானம்: வாங்குவதா, கூட்டாக வைத்துக்கொள்வதா, வாடகைக்கு எடுப்பதா? அமெரிக்காவில் பறப்போருக்கான முழுமையான செலவு வழிகாட்டி

அமெரிக்காவில் பிரைவேட் பைலட் உரிமம் கைக்கு வந்த சில மாதங்களிலேயே பலருக்கும் எழுகிற கேள்வி இது. பயிற்சிப் பள்ளிக்கு மணிக்கு இவ்வளவு என்று கொடுத்துக்கொண்டே இருப்பதா, அல்லது சொந்தமாக ஒரு விமானம் வாங்கிவிடுவதா? விமான நிலையத்தில் யாரைக் கேட்டாலும் பதில் கிடைக்கும். ஆனால் விற்க நினைப்பவர் பெட்ரோல் செலவை மட்டும் சொல்வார். வாங்கி நொந்தவர் எல்லாச் செலவையும் ஒன்றாகக் கொட்டிக் காட்டுவார். இரண்டுக்கும் நடுவே உங்கள் நிலைமைக்குப் பொருந்தும் தொகை எது என்பதை நீங்களே போட்டுப் பார்த்துத்தான் அறிய வேண்டும். அந்தக் கணக்கை எந்த வரிசையில், எவற்றைச் சேர்த்து, எவற்றை மறக்காமல் போடுவது என்பதை இங்கே படிப்படியாகப் பார்ப்போம்.

எடுத்துக்காட்டாக செஸ்னா 172-ஐ வைத்துக்கொள்கிறேன். 1956-இல் விற்பனைக்கு வந்து, இதுவரை 44,000-க்கும் மேல் கட்டப்பட்ட நான்கு இருக்கை விமானம் அது. வாடகைக்கும் அதுதான் கிடைக்கிறது, பறப்போர் கிளப்களிலும் அதுதான் இருக்கிறது, விற்பனை விளம்பரங்களிலும் அதுதான் நிறைந்திருக்கிறது என்பதால் ஒன்றோடொன்றை நேர்மையாக ஒப்பிட முடியும். புதிய 172 நான்கு லட்சம் டாலருக்கு மேல் போவதால் அதை விட்டுவிட்டு, 1970-களின் நடுவில் வெளிவந்த, 150 குதிரைத்திறன் லைகமிங் ஓ-320 எஞ்சின் கொண்ட 172எம் ஒன்றை 80,000 டாலருக்கு வாங்குவதாக வைத்துக்கொள்வோம். கீழே வரும் தொகைகள் எல்லாம் கணக்கு போடும் முறையைக் காட்டுவதற்கான எடுத்துக்காட்டுகள். உங்கள் விமான நிலையத்தின் உண்மையான தொகைகளை அந்தந்த இடத்தில் மாற்றிப் போட்டுக்கொள்ள வேண்டும்.

முதல் படி: ஆண்டுக்கு எத்தனை மணி நேரம் பறப்பீர்கள்?

மற்ற எல்லா எண்களும் இந்த ஒரு எண்ணைச் சுற்றியே நிற்கின்றன. இங்கே ஆசையை எழுதக் கூடாது. லாக் புக்கை எடுத்துக் கடந்த 12 மாதங்களில் பறந்த நேரத்தைக் கூட்டி எழுத வேண்டும். உரிமம் வாங்கிய ஆண்டின் பயிற்சி நேரத்தைச் சேர்த்தால் எண் பெரிதாகத் தெரியும், அதனால் அதைக் கழித்துவிடுவது நல்லது. 'சொந்த விமானம் வந்துவிட்டால் இன்னும் அதிகமாகப் பறப்பேன்' என்பதில் ஓரளவு உண்மை உண்டு என்றாலும், வேலையும் வானிலையும் குழந்தைகளின் வார இறுதி வகுப்புகளும் அப்போதும் அப்படியேதான் இருக்கும்.

இரண்டாம் படி: யார் பெயரில் பதிவு செய்ய முடியும்?

செலவுக் கணக்குக்கு முன்பே இதைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும், குறிப்பாக எச்-1பி விசாவில் இருக்கும் நம்மவர்கள். அமெரிக்கக் குடிமகனோ கிரீன் கார்டு வைத்திருப்பவரோ தன் பெயரில் விமானத்தைப் பதிவு செய்யலாம். வேலை விசாவில் இருப்பவர் நேரடியாகச் செய்ய முடியாது. பார்ட்னர்ஷிப்பாகப் பதிவு செய்வதென்றால் பங்காளிகள் ஒவ்வொருவரும் குடிமக்களாக இருக்க வேண்டும் என்பதால் கிரீன் கார்டு நண்பர் ஒருவரைச் சேர்த்தாலும் அந்த வழி அடைபட்டுவிடும். கார்ப்பரேஷன் பெயரில் பதிவு செய்யும்போது அதன் தலைவரும் இயக்குநர்களில் மூன்றில் இரண்டு பங்கினரும் குடிமக்களாக இருக்க வேண்டும், வாக்குரிமையில் குறைந்தது 75 விழுக்காடு குடிமக்களிடம் இருக்க வேண்டும். குடிமகனான ஒரு டிரஸ்டியின் பெயரில் டிரஸ்ட் அமைத்துப் பதிவு செய்யும் வழியும் உண்டு, ஆனால் அதற்கு ஆண்டுதோறும் கட்டணம் கட்ட வேண்டியிருக்கும். ஆகவே விசாவில் இருக்கும் பெரும்பாலானோருக்கு வாடகை அல்லது கிளப் என்பதே நடைமுறைக்கு ஒத்த தேர்வு. அவர்கள் ஐந்தாம் படிக்கு நேராகச் சென்றுவிடலாம்.

மூன்றாம் படி: பறக்காவிட்டாலும் போகும் பணம்

சொந்த விமானத்தின் செலவில் பெரும்பகுதி, அது தரையில் சும்மா நிற்கும்போதும் போய்க்கொண்டிருப்பது. திறந்தவெளியில் கட்டி நிறுத்தும் டை-டவுன் மாதம் 150 டாலர் என்றால் ஆண்டுக்கு 1,800. ஹேங்கர், அதாவது விமானக் கொட்டகை, வேண்டுமென்றால் அதைப்போல மூன்று, நான்கு மடங்கு ஆகலாம், பெருநகரங்களை ஒட்டிய நிலையங்களில் காத்திருப்போர் பட்டியலும் நீளமாக இருக்கும். காப்பீட்டுக்கு 1,500 வைத்துக்கொள்வோம். கலிபோர்னியா போன்ற மாநிலங்களில் விமானத்துக்கும் ஆண்டுதோறும் சொத்து வரி உண்டு. ஒரு விழுக்காடு என்று கொண்டால் 800.

அடுத்தது ஆண்டு ஆய்வு. ஒவ்வொரு 12 மாதத்துக்கும் ஒருமுறை, ஆய்வு அதிகாரம் பெற்ற மெக்கானிக் ஒருவர் விமானத்தைத் திறந்து பார்த்துக் கையெழுத்திட்டால்தான் அது சட்டப்படி பறக்க முடியும். இங்கேதான் புதிதாக வாங்குவோர் ஏமாந்துபோகிறார்கள். பட்டறை சொல்லும் 1,500 டாலர் என்பது திறந்து பார்ப்பதற்கான கூலி மட்டுமே. பார்த்ததில் கண்டுபிடிப்பவற்றைச் சரிசெய்யும் செலவு தனி. 172-களில் விமானியின் இருக்கை ஓடும் தண்டவாளத்தின் துளைகள் தேய்ந்துவிட்டால், விமானம் மேலெழும் நேரத்தில் இருக்கை பின்னோக்கிச் சரிந்து, விமானி பிடித்திருக்கும் யோக்கையும் (விமானத்தைக் கட்டுப்படுத்தும் கைப்பிடி) தன்னோடு இழுத்துவிடும் ஆபத்து உண்டு. அதற்காகவே 2011-10-09 என்ற எண்ணுள்ள கட்டாய உத்தரவு இருக்கிறது. மெக்கானிக் துளைகளை அளந்து, அளவு மீறியிருந்தால் தண்டவாளத்தை மாற்றச் சொல்வார், மறுக்க முடியாது. இத்தகைய பழுதுகளுக்கு இன்னொரு 2,000 ஒதுக்குவது மிகையாகாது. 24 மாதத்துக்கு ஒருமுறை வரும் டிரான்ஸ்பாண்டர் (ரேடாருக்கு விமானத்தை அடையாளம் காட்டும் கருவி) சோதனை, அவசரகால ஒலிபரப்பியின் பேட்டரி, வரைபடச் சந்தா ஆகியவற்றுக்கு ஆண்டுக்கு 600 என்று கொண்டால் மொத்தம் 8,200 டாலர் ஆகிறது.

இத்துடன் பலரும் எழுத மறுக்கிற ஒரு வரி உண்டு. விமானத்தில் முடங்கியிருக்கும் 80,000 டாலர் வேறெங்காவது இருந்தால் ஐந்து விழுக்காடு ஈட்டும் என்று வைத்தால்கூட ஆண்டுக்கு 4,000. கடன் வாங்கி வாங்கினால் இது கண்ணுக்குத் தெரியும் வட்டியாகவே வரும். ஆக, ஒரு மணி நேரம்கூடப் பறக்காமல் போகும் தொகை 12,200 டாலர். பழைய விமானம் விலை குறையாது, அதனால் இந்த வரி தேவையில்லை என்று வாதிடுபவர்கள் உண்டு. விற்கும் நாளில் எஞ்சினின் வயதைப் பார்த்து வாங்குபவர் பேசும் பேரத்தை அவர்கள் கணக்கில் எடுப்பதில்லை.

நான்காம் படி: ஒவ்வொரு மணிக்கும் ஆகும் செலவு, எஞ்சினின் உண்மையான கணக்கு

172எம் மணிக்கு ஏறத்தாழ எட்டு கேலன் எரிக்கும். கேலன் 6.50 டாலர் என்றால் 52. ஆயில், ஃபில்டருக்கு மணிக்கு 3 டாலர் வைக்கலாம். ஆயில் மாற்றுவது, டயர் மாற்றுவது, ஸ்பார்க் பிளக் கழற்றிச் சுத்தம் செய்வது போன்ற வேலைகளை உரிமையாளரான விமானியே செய்து விமானத்தின் பராமரிப்பு லாக் புக்கில் எழுத விதிகள் இடம் கொடுக்கின்றன, அதனால் கையில் கிரீஸ் படுவதற்கு அஞ்சாதவருக்கு இங்கே கூலி மிச்சம். டயர், பிரேக், எதிர்பாராத பழுதுகளுக்கு 15. எஞ்சினை முழுவதும் பிரித்துப் புதுப்பிக்கும் ஓவர்ஹாலுக்குப் பொருத்தும் கூலியோடு 36,000 ஆகும் என்றால், லைகமிங் சொல்லும் 2,000 மணி ஆயுளால் வகுத்து மணிக்கு 18 டாலர். எல்லாம் சேர்த்து மணிக்கு 88.

அந்த 18 டாலர்தான் சொந்தக்காரர்களை ஏமாற்றும் எண். ஆண்டுக்கு 50 மணி மட்டும் பறப்பவருக்கு 2,000 மணி முடிய 40 ஆண்டுகள் ஆகும், எஞ்சின் அதுவரை காத்திருக்காது. லைகமிங் எஞ்சின்களில் வால்வுகளைத் திறக்கும் தண்டான கேம்ஷாஃப்ட் மேற்புறத்தில், எஞ்சினின் முதன்மைச் சுழல்தண்டான கிராங்க்ஷாஃப்டுக்கு மேலே அமைந்திருக்கிறது. ஓடும்போது தெறிக்கும் ஆயில்தான் அதற்கு மசகு. விமானம் வாரக்கணக்கில் நின்றால் அந்த ஆயில் வடிந்துபோய், ஈரக் காற்று பட்டுக் கேமின் முகட்டில் நுண்ணிய துருப்புள்ளிகள் விழுகின்றன. மறுபடி ஓடும்போது அந்தப் புள்ளிகளிலிருந்து உலோகம் செதில் செதிலாக உதிரத் தொடங்கும். அதனால்தான் நிறுவனம் 2,000 மணியோடு 12 ஆண்டு என்ற இன்னொரு எல்லையையும் சொல்கிறது. சொந்தப் பயன்பாட்டில் பறப்பவரை அந்த எல்லை சட்டப்படி கட்டுப்படுத்தாது. நல்ல நிலையில் இருக்கும்வரை ஓட்டுபவர்கள் ஏராளம். ஆனால் கணக்கு போடும்போது 12 ஆண்டை எடுப்பதே விவேகம். 36,000-ஐ 12-ஆல் வகுத்தால் ஆண்டுக்கு 3,000. அதை 50 மணியால் வகுத்தால் மணிக்கு 60 டாலர். குறைவாகப் பறப்பவருக்கு எஞ்சின் இப்படி மூன்று மடங்குக்கு மேல் செலவு வைக்கிறது.

எரிபொருளிலும் ஒரு மாற்றம் நடந்துகொண்டிருக்கிறது. சான் ஹோசேயின் ரீட்-ஹில்வியூ நிலையத்தில் ஈயம் கலந்த விமானப் பெட்ரோலான 100எல்எல் விற்பனையை சாண்டா கிளாரா கவுண்டி 2022 ஜனவரி 1 முதல் நிறுத்திவிட்டது; கலிபோர்னியா மாநிலம் முழுவதும் 2031 முதல் அது தடைசெய்யப்படுகிறது. வாங்க நினைக்கும் விமானத்தின் எஞ்சின், உங்கள் நிலையத்தில் கிடைக்கும் ஈயமில்லா எரிபொருளுக்கு அனுமதி பெற்றதா என்று கேட்பது இனி அவசியம். 172எம்-இன் குறைந்த அழுத்த விகித எஞ்சினுக்கு இதில் சிக்கல் குறைவு.

ஐந்தாம் படி: வாடகையின் முழு விலை

வாடகை மணிக்கு 165 டாலர், பெட்ரோல் உட்பட, என்று வைத்துக்கொள்வோம். இதில் நிலையான செலவு எதுவும் உங்கள் தலையில் இல்லை. மெக்கானிக் வரவில்லையே என்ற கவலையும் இல்லை. ஆனால் விலைப்பட்டியலில் பெரிய எழுத்தில் இல்லாதவற்றைக் கேட்டறிய வேண்டும்.

முதலாவது, எந்த மீட்டரில் கணக்கிடுகிறார்கள் என்பது. ஹாப்ஸ் மீட்டர் எஞ்சின் ஓடும் நேரம் முழுவதையும் கடிகாரம் போலவே எண்ணும். டேக் மீட்டர் எஞ்சினின் சுழற்சியை வைத்து எண்ணுவதால், ஓடுபாதைக்கு மெதுவாக ஊர்ந்து செல்லும்போது பாதிக்கும் குறைவாகவே நகரும். பரபரப்பான நிலையத்தில் வரிசையில் 15 நிமிடம் காத்திருப்பவருக்கு, டேக் கணக்கில் 180 டாலர் கேட்கும் விமானம் ஹாப்ஸ் கணக்கில் 165 கேட்பதைவிட மலிவாக முடியலாம்.

இரண்டாவது, வெளியூர்ப் பயணத்துக்கான குறைந்தபட்சக் கட்டணம். நாளுக்குக் குறைந்தது மூன்று மணி என்ற விதி இருந்தால், வெள்ளியன்று போய் ஞாயிறன்று திரும்பும் பயணத்தில் ஐந்து மணிதான் பறந்திருந்தாலும் ஒன்பது மணிக்கு 1,485 டாலர் கட்ட வேண்டும். குடும்பத்தோடு ஊர்சுற்றுவதற்காகவே பறக்கக் கற்றவர்களை வாடகை கைவிடும் இடம் இதுதான். உள்ளூரிலேயே சுற்றிவிட்டு இறங்குபவர்களுக்கு இது ஒரு பொருட்டே இல்லை.

மூன்றாவது, காப்பீடு. பள்ளியின் காப்பீடு பள்ளியைக் காப்பதற்கானது. நீங்கள் விமானத்தைச் சேதப்படுத்தினால் நிறுவனம் பள்ளிக்குப் பணம் கொடுத்துவிட்டு அதை உங்களிடம் வசூலிக்க வர முடியும். ஆகவே வாடகை விமானிக்கான தனிக் காப்பீட்டுத் தொகையையும் ஆண்டுச் செலவில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

வாடகைக்கு ஒரு மறைமுக ஆதாயமும் இருக்கிறது. பிரைவேட் பைலட் தன்னோடு வருபவர்களிடம் செலவைச் சமமாகப் பிரித்துக்கொள்ள அமெரிக்க விமானப் போக்குவரத்து விதி 61.113 அனுமதிக்கிறது. ஆனால் பிரிக்கக்கூடியவை எரிபொருள், ஆயில், விமான நிலையக் கட்டணம், வாடகை ஆகியவை மட்டுமே. வாடகை விமானத்தில் நண்பர்கள் மூவரோடு போனால் 165 டாலர் முழுவதையும் நான்காகப் பிரிக்கலாம். சொந்த விமானத்தில் போனால் காப்பீடு, ஹேங்கர், எஞ்சின் ஒதுக்கீடு எதையும் அவர்களிடம் கேட்க முடியாது.

ஆறாம் படி: கிளப்

பெயரில் கிளப் என்று இருப்பதெல்லாம் கிளப் அல்ல. உறுப்பினர்கள் சமமாக விமானத்துக்கு உரிமையுள்ள, லாப நோக்கமற்ற சங்கங்களும் உண்டு. மாதச் சந்தா வாங்கிக்கொண்டு பிறருடைய விமானங்களை வாடகைக்கு விடும் நிறுவனங்களும் உண்டு. முதல் வகையில் சேரும்போது கொடுக்கும் பங்குத்தொகை விலகும்போது திரும்புமா, திடீரென எஞ்சின் போனால் உறுப்பினர்களிடம் சிறப்பு வசூல் உண்டா, ஒதுக்கீட்டு நிதி எவ்வளவு இருக்கிறது என்பவற்றைக் கேட்க வேண்டும். நிதி காலியாக இருக்கும் கிளப்பில் மணிக் கட்டணம் மலிவாக இருந்தால், அந்த மலிவு பழைய உறுப்பினர்கள் அனுபவித்தது. பில் வரப்போவது உங்களுக்கு.

மாதச் சந்தா 60, மணிக்கு 125 என்று கொண்டால், ஆண்டுக்கு 18 மணிக்கு மேல் பறந்தாலே வாடகையைவிடக் கிளப் மலிவாகிவிடுகிறது. அந்த அளவுகூடப் பறக்காதவர் வாடகையோடு நிற்கலாம்.

ஏழாம் படி: கூட்டு உரிமை, நான்கு வழிகளும் ஒரே தட்டில்

அதே 80,000 டாலர் விமானத்தை நான்கு பேர் சேர்ந்து வாங்கினால், காப்பீடு கொஞ்சம் உயர்ந்து 2,200 ஆனாலும், நிலையான செலவு ஒருவருக்கு 2,225. முடங்கும் பணத்துக்கு 1,000. ஆக 3,225 டாலரும், மணிக்கு 88-உம்.

ஆண்டுக்கு 50 மணி பறப்பவர்: வாடகை 8,250, கிளப் 6,970, நால்வர் கூட்டு 7,625, தனி உரிமை 16,600. தனி உரிமையில் எஞ்சினை 12 ஆண்டுக் கணக்கில் போட்டால் அது 18,700 ஆகி, மணிக்கு 374 டாலர் என்று நிற்கும்.

ஆண்டுக்கு 100 மணி பறப்பவர்: வாடகை 16,500, கிளப் 13,220, நால்வர் கூட்டு 12,025, தனி உரிமை 21,000.

தனி உரிமை வாடகையை எட்டிப்பிடிக்க ஏறத்தாழ 158 மணி ஆகிறது. முடங்கிய பணத்தைக் கணக்கில் சேர்க்காவிட்டாலும் 106 மணிக்கு மேல் வேண்டும். கூட்டு உரிமைக்கு 42 மணி போதும். கிளப்பையும் அது முந்துவது 68 மணியில். வார இறுதியில் மட்டும் பறக்கும் ஒருவருக்குத் தனி உரிமை செலவு மிச்சப்படுத்தும் என்று யாராவது சொன்னால், அவர் ஏதோ ஒரு வரியை விட்டுவிட்டார் என்று பொருள். நினைத்த நேரத்தில் கிளம்பும் சுதந்திரத்துக்காகவும், தன் விமானம் என்ற மகிழ்ச்சிக்காகவும் கூடுதல் பணம் கொடுப்பது வேறு விஷயம். அதை அப்படியே ஒப்புக்கொண்டு கொடுத்தால் தவறில்லை.

கூட்டின் பெரிய லாபத்தை நான் எஞ்சினில்தான் பார்க்கிறேன். நால்வரும் ஆளுக்கு 50 மணி பறந்தால் ஆண்டுக்கு 200 மணி, பத்து ஆண்டில் 2,000. எஞ்சின் துருப்பிடிக்க நேரமின்றி உழைத்தே தன் ஆயுளை முடிக்கும், மணிக்கு 18 டாலர் என்ற எண்ணும் அப்போதுதான் உண்மையாகும்.

செலவைக் குறைக்கத் தன் விமானத்தைப் பயிற்சிப் பள்ளிக்கு வாடகைக்கு விடும் வழியைச் சிலர் சொல்வார்கள். வணிகக் காப்பீடு பல மடங்கு, ஒவ்வொரு 100 மணிக்கும் ஆய்வு, மாணவர்கள் தரையில் மோதி இறக்கும் சக்கரங்கள் என்று அதன் கணக்கே தனி. முதல் விமானத்துக்கு அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

எட்டாம் படி: பங்காளிகளும் ஒப்பந்தமும்

நண்பர்கள் என்பதால் வாய்ப்பேச்சில் விடக் கூடாது. பணம் போடுவதற்கு முன்பே எழுதிக் கையெழுத்திட வேண்டும். விமானம் நல்லபடியாக இருக்கும்போது யார் எப்போது எடுப்பது என்பதில் சண்டை வருவதில்லை, ஒரு பகிர்ந்த நாட்காட்டி போதும். சண்டை வருவது ஒருவர் விலக நினைக்கும்போதும், ஒருவர் புதிய ரேடியோ வாங்கலாம் என்று 15,000 டாலர் செலவுக்கு அடிபோடும்போதும்தான்.

ஆகவே விலகுபவரின் பங்குக்கு விலை எப்படி நிர்ணயிப்பது, மற்றவர்களுக்கு முதலில் வாங்கும் உரிமை எத்தனை நாள், அந்தப் பங்கு விற்கும்வரை மாதச் செலவை யார் கட்டுவது, ஒருவர் இறந்தால் அவர் குடும்பத்துக்கு எப்படிப் பணம் சேரும் என்பவை எழுத்தில் இருக்க வேண்டும். பாதுகாப்புக்கான பழுதுகளுக்கு ஒருவரே முடிவெடுக்கலாம், வசதிக்கான மேம்பாடுகளுக்கு எல்லோரும் ஒப்ப வேண்டும் என்ற பிரிப்பு நன்றாக வேலை செய்கிறது. சேதம் ஏற்பட்டால் காப்பீட்டின் கழிவுத்தொகையை (காப்பீடு தராமல் நாமே கட்ட வேண்டிய பகுதியை) அப்போது ஓட்டியவர் கட்டுவாரா, எல்லோருமா என்பதும் முக்கியம். மெக்கானிக்கிடம் பேசுபவர் ஒருவராகவே இருக்கட்டும். நால்வரும் தனித்தனியே அழைத்தால் பில் நான்கு விதமாக வரும்.

எல்எல்சி (பொறுப்பு வரையறுக்கப்பட்ட நிறுவனம்) அமைப்பது மற்ற பங்காளியின் தவறுக்கு நீங்கள் பொறுப்பாவதைக் குறைக்கும். ஆனால் ஓட்டும்போது நீங்களே செய்த தவறுக்கு அது கவசம் ஆகாது, அதற்குக் காப்பீடுதான். விபத்து ஒன்றுக்கு பத்து லட்சம் டாலர் என்று பாலிசியில் போட்டிருந்தாலும், பயணி ஒருவருக்கு ஒரு லட்சம் என்ற உள்வரம்பு பெரும்பாலும் இருக்கும். அந்தச் சிறிய எண்ணைத்தான் முதலில் படிக்க வேண்டும்.

ஒன்பதாம் படி: வாங்கும் முன் ஆய்வு

விற்பவரின் மெக்கானிக்கை நம்பாமல் அந்த வகை விமானத்தை அறிந்த வேறொருவரைப் பணம் கொடுத்து அழைத்துச் செல்லுங்கள். சிலிண்டர் அழுத்தச் சோதனை, எஞ்சினுக்குள் நுழைக்கும் மெல்லிய கேமராவான போரோஸ்கோப் வழியாக வால்வுகளைப் பார்ப்பது, ஆயில் ஃபில்டரை வெட்டி உலோகத் துகள் தேடுவது ஆகியவை குறைந்தபட்சம். ஓக்லஹோமா சிட்டியில் உள்ள எஃப்ஏஏ (அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம்) பதிவேட்டில் விமானத்தின் மேல் தீராத கடன் இருக்கிறதா என்று தேடச் சொல்ல வேண்டும்.

விளம்பரங்களை லாக் புக்கோடு ஒட்டிப் பாருங்கள். 'ஓவர்ஹாலுக்குப் பின் 400 மணி மட்டுமே' என்ற வரி ஈர்க்கும். ஓவர்ஹால் நடந்த ஆண்டு 1998 என்று உள்ளே எழுதியிருந்தால் அந்த எஞ்சின் ஆண்டுக்கு 15 மணி அளவில்தான் ஓடியிருக்கிறது. அதிலும் கடலோரத்தில் திறந்தவெளியில் நின்ற விமானம் என்றால், சிலிண்டர் ஒன்றைக் கழற்றிக் கேம்ஷாஃப்டைக் கண்ணால் பார்க்க அனுமதி கேளுங்கள். விற்பவர் மறுத்தால், எஞ்சினுக்கு ஆயுள் எதுவும் மீதமில்லை என்று கொண்டு 36,000 டாலரை விலையிலிருந்து கழித்துப் பேசலாம். அதைவிட, 1,200 மணி ஓடியிருந்தாலும் வாரந்தோறும் பறந்த எஞ்சினையே நான் தேர்ந்தெடுப்பேன். 172என் வகையில் வந்த ஓ-320-எச்2ஏடி எஞ்சினுக்குக் கேம், அது தள்ளும் டேப்பெட் ஆகியவற்றின் தேய்மானத்தில் பழைய கெட்ட பெயர் உண்டு, அதனால் அந்த வகையைப் பார்க்கும்போது இந்தச் சோதனையை விட்டுக்கொடுக்கவே கூடாது.

வாங்கிய பின் வரும் முதல் ஆண்டு ஆய்வு பெரும்பாலும் எல்லாவற்றிலும் பெரிய பில்லாக இருக்கும், ஏனென்றால் பழைய உரிமையாளரின் மெக்கானிக் கண்டும் காணாமல் விட்டவற்றைப் புதிய மெக்கானிக் எழுதி வைப்பார். விமானத்தின் விலையில் பத்து விழுக்காட்டை, அதாவது நம் எடுத்துக்காட்டில் 8,000 டாலரை, கொள்முதலுக்கு முன்பே தனிக் கணக்கில் போட்டு வையுங்கள். கூட்டாக வாங்கினால் ஆளுக்கு 2,000. அந்தத் தொகையை முதல் நாளில் போட முடியாத பங்காளியைச் சேர்க்காமல், அந்த இடத்தை இன்னொருவர் வரும்வரை காலியாகவே வைத்திருக்கலாம்.